தீர்மானம் எண் பதினேழு

எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது
தலைநகரத்தின் மின்சாரம்.
மழை நனைத்த நாட்களில் அந்தக் கம்பி
பல்லிடுக்கில் எதையோ முணுமுணுக்கும்.
கீழே ஆடு மேய்க்கும் பையன்கள்
கோபுரத்தின் எலும்புகளை எண்ணியே
கூட்டல் கற்றார்கள்.

மின்வாரியத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன்.
மன்றத்தின் எழுத்தன் நான். எழுதத்தான் சம்பளம்,
அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.
ஒரே ஒரு பதில் வந்தது.
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
அந்தப் பிழையூருக்காவது
ஒருநாள் வெளிச்சம் போய்ச் சேரட்டும்.

எட்டாவது கடிதம் தொடங்கியபோது
தலைவி கயாங்கே சொன்னார்:
"தாளை மிச்சம் பிடி. கணக்குப் போடலாம்."

பாலத்துக்கு ஒதுக்கியதில் பாதி
(பாலமில்லாமல் இருபது வருடம் ஓட்டியாயிற்று,
ஆற்றில் யாரும் போய்விடவில்லை,
ஒருவரைத் தவிர),
சந்தை வரி,
பள்ளி மைதானத்தின் வடக்கு மூலை,
நூற்றிருபது சூரியத் தகடு,
ஒரு கன்டெய்னர் பேட்டரி.
எப்படிக் கூட்டினாலும்
கம்பம் ஒரு தெருவுக்குத்தான் வந்தது.

எந்தத் தெரு?

மாவு மில் தெரு என்றார் ஓர் உறுப்பினர்.
மில் அவர் மைத்துனருடையது.
ஆலயத் தெரு என்றார் பாதிரியார் நிரோங்கோ.
ஆலயத்துக்குப் பக்கத்து வீடு யாருடையது என்று
அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
பிறகு எல்லோரும் சிஸ்டர் எலிஃபாவைப் பார்த்தோம்.
போன வாரம்தான் கைப்பேசியைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒரு தாய்க்குத் தையல் போட்டவர்.
"பிரசவ அறைக்கு" என்பார்,
கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

எழுந்தார். "வெஸியின் மதுக்கடைக்கு."

சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"என் பிரிட்ஜ் கரண்டைத் தின்னும், காசு தராது.
முன்பு ஒருமுறை தகடு தந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள்.
ஒன்பதாம் மாதம் பேட்டரி செத்தது.
பெட்டிக்குள் இப்போது பல்லி முட்டையிடுகிறது.
வெஸியின் கடைக்கு ராத்திரி எண்பது பேர் வருகிறார்கள்.
பீர் குளிர்ந்திருந்தால் ஐம்பது குவாச்சா கூட்டித் தருவார்கள்.
திட்டுவார்கள், ஆனால் தருவார்கள்.
அவன் யூனிட்டுக்கு மூன்று மடங்கு கட்டட்டும்.
அதே தெருவின் கடைசிக் கட்டிடம் என்னுடையது.
கம்பி அவனைத் தாண்டித்தான் என்னிடம் வரும்."

பொருளாளர் சிலுங்வே பென்சிலை நாக்கில் தொட்டார்.
கூட்டினார், அடித்தார், திரும்பக் கூட்டினார்.
தகரக் கூரையில் ஒரு காகம் நடப்பது கேட்டது.
"தேறும்" என்றார்.

ஒன்பதுக்கு ஆறு.
பாதிரியார் தன் மறுப்பைப் பதியச் சொன்னார்.
பதிந்தேன், மைத்துனரின் மறுப்பையும்.
தீர்மானத்தை நாகரிகமாக எழுத நினைத்து
'உறுதியான மாலைநேர நுகர்வோர்' என்று எழுதினேன்.
தலைவி அதை அடித்துவிட்டு
மேலே தன் கையால் எழுதினார்: மதுக்கடை.

ஐந்து மாதம் ஆகிறது.
ஒரு குடிகாரன் நள்ளிரவில் தெருவில் நின்று
உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசிக்காகத்தான்
நான் குடிக்கிறேன் என்று கூவினான்.
அவன் மனைவி விளக்குமாற்றோடு வந்தாள்.
கணக்குப்படி இரண்டு பேர் சொல்வதும் சரி.
அவளுடைய பக்கத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

கடையைப் பத்து மணிக்கு மூட வேண்டும் என்று
பாதிரியார் புதிய தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்.
ஒரு மணிநேர பீர் குறைந்தால்
பிரிட்ஜில் எத்தனை மணிநேரம் குறையும் என்று
சிலுங்வே பென்சில் சீவுகிறார்.
சிஸ்டர் எலிஃபா இந்த முறை
எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று
யாரும் பந்தயம் கட்டத் துணியவில்லை.

என் வீடு மூன்றாம் கட்டத்தில் வருகிறது.
நாளைய கூட்டத்துக்கான இந்தத் தாளில்
அங்கங்கே மெழுகு சொட்டியிருக்கும்.
மன்னிக்கவும்.